உள்ளான் வறுபடும் வாசனை

முத்துப்பேட்டை கடைத்தெருவில் காசி அண்ணன் காடை என்று சொல்லி வறுத்துக்கொண்டிருந்தது உள்ளான் குருவி. அந்த வாசனை எனக்கு மறக்காது. என் சிறுவயதில், ஐப்பசியில் வலசை வரும் பறவைகளைப் பிடித்துக் ஆராய்ச்சிக்காகக் காலில் வளையம் மாட்டிப் பறக்கவிடும் முகாம் எங்கள் உப்பளத்தோரம் நடக்கும். ஈர வலையின் சேற்று மணமும், கொடியில் தொங்கும் துணிப்பைகளுக்குள் உள்ளான்கள் படபடப்பதும், விரலை விரித்ததும் உள்ளங்கைச் சூடு பறந்துபோவதுமாக விடியும். அதே முகாமில் வேலை பார்த்த காசி அண்ணன் வீட்டு அடுப்பிலோ இதே வாசனை வரும். வலையில் பறவை திருடியதாக விரட்டப்பட்டவர், வலை கட்டிய என் அப்பா.

"உங்கப்பாவுக்குத்தான் குடுத்து வைக்கல. நீயாவது சாப்புடு தங்கச்சி."

யாரிடமும் பேசவே கூசுகிற நான் தெருமுனைக்குப் போய் வனத்துறைக்குப் போன் செய்துவிட்டு வந்து உட்கார்ந்தேன்.

"ஒரு பிளேட் போதுமா?"

"நிறைய வறுங்கண்ணே. ஜீப்புல ஆளுங்க வர்றாங்க."