சோற்றில் முடி விழாத வீடு

அத்தான் சலூன் வைத்திருக்கிறார். கடைக்குப் பின்னால் ஒரே அறை. கல்யாணமான நாளிலிருந்து அவரும் என் அக்காவும் அதில்தான் குடித்தனம். ஃபேன் போட்டால் போதும், கடையில் வெட்டிய முடியெல்லாம் அடுப்படிக்குக் குடிவந்துவிடும். சோற்றில் முடி விழாத ஒரு வீடு வேண்டும், அக்கா கேட்டது அவ்வளவுதான்.

அதற்காகக் கடலோரத்தில் ஒரு மனை வாங்கினார்கள். வாங்கிய பிறகுதான் சட்டம் தெரிந்தது. அலை கடைசியாக வந்து நிற்கும் கோட்டிலிருந்து இவ்வளவு தூரம் தள்ளித்தான் கட்டலாமாம். அனுமதிக்காக அத்தான் ஆபீசுக்கு நடையாய் நடந்தார். இவர் தலையைக் கண்டாலே அங்கிருந்த குமாஸ்தாவுக்குப் பசி எடுத்துவிடும், எழுந்து சாப்பிடப் போய்விடுவார். ஊருக்கெல்லாம் டை அடித்துவிடுகிற மனுஷர், தன் தலை நரைத்ததைக்கூடக் கவனிக்கவில்லை.

ஒருவழியாக, அளக்க ஆள் வருவதாகத் தகவல் வந்தது. மனையின் கடல் பக்கம் ஒரு மணல்மேடு, அதன் மேல் கொடியும் முள்ளும். சிலுப்பிக்கொண்டு நிற்கும் எதையும் பார்த்தால் அத்தானுக்குக் கை சும்மா இருக்காது. அதிகாரி வருகிற இடம் பரட்டையாகக் கிடக்கலாமா என்று கொடியைப் பிடுங்கி, மேட்டையும் வெட்டிச் சமப்படுத்திவிட்டார்.

"எப்படி, பளிச்சுனு இருக்குல்ல?" என்று என்னிடம் ஒரே பெருமை.

வர வேண்டியவர் தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தார். அதற்குள் பௌர்ணமி வந்தது, அலையும் வழக்கத்தைவிட ஏறியது. தடுக்க மேடு இல்லாததால் கடல் நேராக மனைக்குள் வந்துவிட்டுப் போனது. அளக்க வந்தவர், மனையின் நடுவில் வரிசையாக ஒதுங்கிக் கிடந்த பாசியையும் சிப்பியையும் பார்த்தார்.

"அலைக் கோடு இங்க வந்துருச்சேங்க. படத்துல ஒரு மேடு இருக்கே, அது எங்க?"

"நான்தான் சார் சுத்தம் பண்ணேன். நீங்க வர்றீங்கன்னு."

அவர் டேப்பைச் சுருட்டினார். "அதுதாங்க கடலை நிறுத்தி வச்சிருந்துச்சு. இனிமே இங்க ஒரு குடிசை போடக்கூட அனுமதி கிடைக்காது."

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அத்தானின் கத்தரிக்கோலைப் பிடுங்கிக் கடலில் எறிந்திருப்பேன். அக்கா எப்படியும் கத்தித் தீர்ப்பாள் என்று நினைத்துக்கொண்டே வீட்டுக்கு வந்தோம். அத்தான் எதையும் மறைக்கவில்லை. அவள் கத்தவில்லை.

"மறுபடி மேடு வராதா?" என்று மட்டும் கேட்டாள்.

"கொடி நட்டா மணல் சேருமாம். வருஷக்கணக்கா ஆகுமாம்."

"அதுக்குள்ள நம்ம தலையில முடியே இருக்காது."

யாருக்கும் சிரிப்பு வரவில்லை. அக்கா சோற்றுப் பானையை எடுத்து வைத்தாள். எழுந்து போய் ஃபேனை நிறுத்தினாள். வியர்க்க வியர்க்க மூன்று பேரும் சாப்பிட்டோம்.