இடதுபக்க இருக்கையில் ஓர் எதிர்க்கட்சி

"கிளச்ச விடாதம்மா, விடாத, புடி!" என்று சொல்லிக்கொண்டே புனிதா தம் பக்கத்துப் பிரேக்கை மிதிக்கிறார். கார் குலுங்கி நிற்கிறது. ஸ்டியரிங்கைப் பிடித்திருக்கும் பெண்ணுக்கு முகமெல்லாம் வியர்வை. புனிதாவுக்கு ஒரு துளிகூட இல்லை. அவருடைய ஒற்றைக் காதில் இருக்கும் இயர்போனில், முந்தின நாள் அயர்லாந்தின் டப்ளின் நாடாளுமன்றத்தில் நடந்த விவாதம் ஓடிக்கொண்டிருக்கிறது. அங்கே எதிர்க்கட்சிக்காரர் ஒருவர் வீட்டுப் பஞ்சத்தைப் பற்றிக் கொதித்துக்கொண்டிருக்கிறார். "பேச்சு பிரமாதம்தான். எப்படிக் கட்டுவேன்னு மட்டும் வாயத் தொறக்க மாட்றானே," என்று புனிதா தமக்குள் அலுத்துக்கொள்கிறார். பிறகு பையிலிருந்து ஓர் உப்புப் பிளம்ஸை எடுத்து அந்தப் பெண்ணிடம் நீட்டுகிறார். வண்டியை அணைத்துவிடுகிறவர்களுக்கு அவர் தரும் தண்டனையும் ஆறுதலும் அதுதான்.

பெம்பான் வட்டாரத்தில் கார் ஓட்டத் தெரிந்த தமிழர்களில் பாதிப்பேர் அவரிடம் வசவு வாங்கியவர்கள். வருடக்கணக்காக இடதுபக்க இருக்கையில் உட்கார்ந்து, ஜன்னல் ஓரத்துக் கை வலது கையைவிடக் கறுத்துக் கிடக்கும். பகலில் பயிற்சியாளர். மாலையில் எதிர்க்கட்சியின் கிளைத் தலைவர். இரண்டும் ஒரே வேலைதான் என்பார். "ஸ்டியரிங் அவங்க கையில. நம்மகிட்ட ஒரு பிரேக்கு இருக்கு, ஒரு வாயி இருக்கு. சும்மா சும்மா பிரேக்க மிதிச்சுக்கிட்டே இருந்தா வண்டியும் போவாது, நம்மள யாரும் மதிக்கவும் மாட்டாங்க லா."

பெம்பானுக்கும் அயர்லாந்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டால், மகள் திவ்யதர்ஷினி என்று பதில் வரும். அவள் அங்கே கார்க் நகரத்து மருத்துவமனையில் தாதி. போன புதிதில் வாடகைக்கு ஓர் அறை கிடைக்காமல், தோழிகளின் வீட்டுச் சோபாக்களில் மாறி மாறிப் படுத்திருக்கிறாள். மகள் போனில் அழுததும் புனிதா சும்மா இருக்கவில்லை. எந்த அரசாங்கம், யார் எதிர்க்கட்சி, ஏன் வீடு இல்லை என்று தோண்டத் தொடங்கினார். மகளுக்கு அறை கிடைத்து, அவள் அதற்குத் திரையும் வாங்கி மாட்டிவிட்டாள். அம்மா மட்டும் இன்னும் டப்ளினை விட்டு வெளியே வரவில்லை.

கட்சிக் கூட்டங்களில் இது ஒரு தொல்லை. மாவட்டத் தலைவர் பரமேஸ்வரன் நல்ல மனிதர், குரல்வளம் உள்ளவர். மைக் இல்லாமலே அடுத்த தாமான் குடியிருப்புக்கே கேட்கும். அரசாங்கம் தவறு செய்யச் செய்ய நமக்கு லாபம் என்பது அவருடைய அரசியல். புனிதா எழுந்தால் அவர் முகம் சுண்டிவிடும்.

"அண்ணே, அங்க எதிர்க்கட்சி வருசக்கணக்கா வீடு இல்ல, வீடு இல்லன்னு கத்துச்சு. உண்மதான், எம்மவளே சாட்சி. கருத்துக்கணிப்புல முன்னாடிகூட நின்னாங்க. ஓட்டுப் போடுற அன்னைக்கு என்னா ஆச்சு? சரிப்பா, நீ வந்தா செஞ்சிருவியான்னு ஜனங்க யோசிச்சிட்டாங்க. பழைய ரெண்டு கட்சியும் சேந்து திரும்ப உக்காந்துருச்சு."

"அது அயர்லாந்து. இது பெம்பான் லா."

"ஜனங்க எங்கயும் ஜனங்கதாண்ணே."

இதில் புனிதாவுக்குத் துளிச் சந்தேகம் இல்லை. அரசாங்கத்துக்கு வேலை தெரியவில்லை என்று சொல்கிறவனுக்கு முதலில் வேலை தெரிந்திருக்க வேண்டும். அதைக் காட்டுவதற்கு ஒரு லோங்காங் அகப்பட்டது. ஊருக்கு வெளியே உள்ள தாமானில், சாலை ஓரமாக ஓடும் வடிகால் அது. மண்ணும் புல்லும் மண்டி, நல்ல மழை பெய்தால் கடைசி வீட்டுக் குஞ்சம்மாவின் அடுப்படிக்குள் தண்ணீர் வந்துவிடும். குஞ்சம்மா வீட்டிலேயே முறுக்கு சுட்டு விற்பவர். மாவு மூட்டைகளை நாற்காலி மேல் ஏற்றி வைத்தே பழகிவிட்டவர்.

பரமேஸ்வரன் ஒரு மறியல் நடத்தலாம் என்றார். புனிதா மறுத்துவிட்டு, இரண்டு பயிற்சிகளுக்கு நடுவே கிடைத்த நேரத்திலெல்லாம் உள்ளாட்சி மன்றமான மஜ்லிஸ் அலுவலகத்துக்குப் போய் உட்கார்ந்தார். எந்த இடத்தில் மண் சேர்கிறது, சாலைக்கு அடியில் போகும் குழாய் எங்கே அடைக்கிறது, இயந்திரத்தை எந்தப் பக்கமிருந்து கொண்டுவர வேண்டும் என்றெல்லாம் விளக்கினார். ஆளும் கட்சிச் சட்டமன்ற உறுப்பினரின், அதாவது வைபியின், உதவியாளர் நிவேந்திரனையும் விடவில்லை. அவனும் புனிதாவிடம் உப்புப் பிளம்ஸ் தின்றவன்தான். "தம்பி, உன் வைபி பேர்லயே செய்யட்டும். எனக்குத் தண்ணி போனாப் போதும்," என்றார். கடைசியில் ஒருநாள் காலை இயந்திரம் வந்தது. மாலைக்குள் வடிகால் கண்ணாடிபோல் இருந்தது. வந்தவர்கள் வேலையைச் சுத்தமாகச் செய்துவிட்டுப் போனார்கள் என்பதைப் புனிதாவே நின்று பார்த்தார்.

பரமேஸ்வரனுக்குத்தான் சோறு இறங்கவில்லை. இருந்த ஒரு விவகாரமும் போச்சே! அந்த ஞாயிற்றுக்கிழமை மாநிலத் தலைமையிலிருந்து ஆட்கள் வருகிறார்கள். வரப்போகும் தேர்தலில் அந்தத் தொகுதிக்கு யார் வேட்பாளர் என்று முடிவு செய்யப் போகிறார்கள். பட்டியலில் புனிதாவின் பெயர் இருக்கிறது. சும்மா இல்லை, மேலேயே இருக்கிறது.

எனவே பேனர் வந்தது. இங்கே ஒரு பள்ளத்தை அடைத்தாலும் அதன்மேல் யாராவது ஒருவர் முகம் தொங்கியாக வேண்டும் என்பது எல்லாக் கட்சிக்கும் பொதுவான சட்டம். புனிதா இத்தனை வருடமும் அதைக் கேலி செய்தவர். ஆனால் பரமேஸ்வரன் அச்சடித்தே கொண்டுவந்துவிட்டார். வடிகால் ஓரத்துக் கம்பியில், கார் நீளத்துக்குப் பிளாஸ்டிக் துணி. 'வடிகாலைச் சுத்தம் செய்ய வைத்த உங்கள் புனிதா.' பக்கத்தில் கைகூப்பிய படம்.

"வேணாண்ணே," என்று புனிதா சொன்னது உண்மை. இரண்டாம் முறை சொல்லவில்லை என்பதும் உண்மை. படம் நன்றாக வந்திருந்தது. நெற்றிச் சுருக்கங்களைக் கடைக்காரன் யாரும் கேட்காமலே எடுத்துவிட்டிருந்தான். வெள்ளிக்கிழமை காலை அந்த வழியே பயிற்சிக்குப் போனபோது, பேனரின் ஒரு மூலை அவிழ்ந்து ஆடுவதைப் பார்த்தார். சாயங்காலம் கட்டிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டார்.

மதியமே மழை கொட்டிவிட்டது. பயிற்சியை நிறுத்திவிட்டு வீட்டுக்கு வந்தவரைப் பரமேஸ்வரனின் போன் பிடித்தது. குரலில் தீபாவளி.

"தாமான்ல வெள்ளம் லா! நேத்துக்கு முந்தின நாள் சுத்தம் பண்ண லோங்காங்! இவனுங்களுக்கு வேல தெரியாதுன்னு இதவிட என்னா ஆதாரம் வேணும்? வா, வந்து லைவ் போடு!"

புனிதா போனார். மழை தூறலாகியிருந்தது. குஞ்சம்மாவின் அடுப்படியில் கணுக்கால் தண்ணீர். இந்த முறை வெள்ளம் வராது என்று நம்பி அவர் மாவு மூட்டைகளைத் தரையிலேயே வைத்திருந்தார். அத்தனையும் களியாகிக் கிடந்தது. "நீ சொன்னியே புனிதா, இனிமே வராதுன்னு," என்றார் குஞ்சம்மா. கோபம்கூட இல்லை அந்தக் குரலில். அதுதான் தாங்க முடியவில்லை.

வெளியே நிவேந்திரனைச் சுற்றி ஆட்கள். சாப்பாட்டுப் பொட்டலங்களோடு வந்தவனை யாரும் பொட்டலத்தை இறக்கவே விடவில்லை. "என்னா வேல பாத்தீங்க? மண்ண அள்ளுற மாரி படம் எடுத்துட்டுப் போயிட்டீங்களா?" அவன் பாவம், எல்லாருக்கும் தலையாட்டிக்கொண்டு நின்றான். பரமேஸ்வரன் குடைக்குள் நின்று, போனைப் புனிதாவிடம் நீட்டினார்.

புனிதா வாங்கவில்லை. காற்சட்டையை முழங்காலுக்கு மேல் சுருட்டிக்கொண்டு வடிகாலில் இறங்கினார். சுத்தம் செய்ததைப் பார்த்தவர் அவர். இப்படித் தேங்கக் காரணமே இல்லை. சாலைக்கு அடியில் குழாய் தொடங்கும் இடத்தில் கையை விட்டார். வழவழவென்று எதுவோ வாயை அடைத்துக்கொண்டிருந்தது. இரண்டு கையாலும் பற்றி, பின்னால் சாய்ந்து இழுத்தார். முதலில் வரவில்லை. பிறகு ஒரேயடியாகப் பிடுங்கிக்கொண்டு வந்தது. குழாய் உறுமி, தேங்கிய தண்ணீரெல்லாம் அதற்குள் பாய்ந்தது. கரையில் கைதட்டினார்கள்.

"பாத்தீங்களா? நம்ம புனிதா எறங்கித்தான் எடுக்க வேண்டியிருக்கு!" என்று யாரோ கத்தினார்கள்.

கையில் இருந்தது சேறு பூசிய பிளாஸ்டிக் சுருள். தூரத்தில் நின்றவர்களுக்கு அது ஏதோ குப்பை. புனிதாவுக்கு மட்டும், சுருளின் ஓரத்தில், கூப்பிய கையின் விரல்நுனி தெரிந்தது. கம்பியை நிமிர்ந்து பார்த்தார். கயிறுகள் மட்டும் தொங்கின. காது மடல் வரை சூடேறியது. வெட்கத்தில் ஒருகணம் தண்ணீருக்குள்ளேயே உட்கார்ந்துவிடலாம் போலிருந்தது.

பரமேஸ்வரனும் பார்த்துவிட்டார். குனிந்து, வாழ்க்கையில் முதல்முறையாக மெல்லப் பேசினார்.

"சுருட்டி என் வண்டில போட்டுடு. ஒருத்தரும் பாக்கல. நாளன்னைக்கு ஞாயித்துக்கெழம, ஞாபகம் வச்சிக்க."

"அண்ணே, அவங்க ஒழுங்காத்தான் செஞ்சாங்க. கெடுத்தது நாம."

"அத நீ ஏன் சொல்ற? அவனுங்க நமக்காகச் சொல்லுவானுங்களா?"

புனிதா கரையேறினார். கூட்டம் விலகி வழிவிட்டது. அந்தச் சுருளை இழுத்துக்கொண்டு நேராக நிவேந்திரன் முன்னால் போய் நின்றார். அவன், இன்னொரு வசவு வருகிறது என்று நினைத்து ஓர் அடி பின்னால் போனான்.

"தம்பி, போன எடு. வீடியோ."

"எதுக்குக்கா?"

"எடுடா."

தார்ச்சாலையில் அதை உதறி விரித்தார். முழுக்கச் சேறு. ஒன்றும் தெரியவில்லை. புனிதா மண்டியிட்டு உட்கார்ந்து, வெயிலில் கறுத்த அந்தக் கையால் சேற்றை வழித்தார். முதலில் பெயர் வந்தது. பிறகு கூப்பிய கைகள், வாய், மூக்கு, சுருக்கமில்லாத நெற்றி. கண்களில் மட்டும் கொஞ்சம் சேறு ஒட்டியிருந்தது. அதையும் சட்டை நுனியால் துடைத்துவிட்டுத் தள்ளி உட்கார்ந்தார், வீடியோவில் அந்த முகமும் தம் முகமும் விழும்படி.