கல்யாண மீனுக்கு வாங்கிய பொம்மைகள்

எனக்குப் பேச்சு குறைவு. யாராவது ஏதாவது கேட்டால் தலையாட்டிவிடுவேன். பேச்சு சீக்கிரம் முடியும். ஹவுராவை ஒட்டிய சாந்த்ராகாச்சி யார்டில் ரயில் பெட்டிக்கு அடியில் படுத்து பிரேக் கட்டை மாற்றுகிற வேலைக்கு இது போதும். பெட்டி கேள்வி கேட்காது.

பையன் கல்யாணத்தில்தான் இந்தப் பழக்கம் என் காலை வாரியது.

பையன் இங்கேயே பிறந்து வளர்ந்தவன். டாக்குரியாவில் ஒரு வங்காளிப் பெண்ணை அவனுக்குப் பிடித்துப்போய்விட்டது. பேசி முடிக்க நாங்கள் மூன்று பேரும் அவர்கள் வீட்டுக்குப் போனோம். பெண்ணின் அப்பா வங்கியில் இருந்து ஓய்வு பெற்றவர். கூடத்துச் சுவரில் சாமி படம் இருக்க வேண்டிய இடத்தில் தூண்டில் கழிகளை மாட்டியிருந்தார். சம்பந்தியை வங்காளத்தில் பேயாய் என்பார்கள், மரியாதையாக பேயாய் மொஷாய். அவர் என்னை அப்படிக் கூப்பிடும்போதெல்லாம் என் மனைவி முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள்.

"பேயாய் மொஷாய், நீங்க மீன் பிடிப்பீங்களா?" என்று கேட்டார்.

என் வாய் நிறைய சந்தேஷ் இனிப்பு. தலையாட்டினேன்.

மனிதர் எழுந்து வந்து என்னைக் கட்டிக்கொண்டார். சமையலறைப் பக்கம் திரும்பி, "கேட்டியா, நம்ம பொண்ணுக்கு வர்ற மாமனார் மீன் பிடிக்கிறவராம்" என்றார். பிறகு என் பக்கத்தில் உட்கார்ந்து விஷயத்தைச் சொன்னார். கல்யாணத்தன்று காலையில் மாப்பிள்ளை வீட்டிலிருந்து பெண் வீட்டுக்கு மஞ்சளும் சீரும் போக வேண்டும். சீரில் முக்கியமானது ஒரு பெரிய ரூயி மீன். நம் ஊரில் ரோகு என்பார்களே, அது. அதற்குச் சேலை கட்டி, மூக்குத்தி போட்டு, மணப்பெண் மாதிரி அனுப்புவார்கள்.

"கடையில வாங்கின மீனை எல்லாரும்தான் அனுப்புறாங்க. என் வீட்டுக்கு மாப்பிள்ளையோட அப்பா தன் கையால பிடிச்ச மீன் வரணும். மதராசிக்கு சாம்பார்தான் தெரியும், மீனைப் பத்தி என்ன தெரியும்னு என் அண்ணனும் தம்பியும் இந்தச் சம்பந்தமே வேணாங்கிறாங்க. ரெண்டு பேரும் என்னைவிட மீன் பைத்தியம். இந்த ஒரு மீன்ல அவங்க வாயை அடைச்சுடுவேன். கல்யாணத்துக்கு முந்தின நாள் நாம ரெண்டு பேரும் சேர்ந்தே குளத்துக்குப் போவோம்."

அதற்கும் தலையாட்டினேன்.

திரும்பி வரும்போது ஹவுரா பஸ்ஸில் மனைவி கேட்டாள். "நீ எப்பய்யா மீன் பிடிச்சே?"

"பிடிச்சதில்ல."

"ஜோலார்பேட்டையில கருவாட்டைத் தவிர நீ இன்னா மீனைப் பார்த்தே?"

"விரால் பார்த்திருக்கேன்."

"எங்கே?"

"சந்தையில."

பஸ் பாலத்தில் ஏறியதும் பையன் என் பக்கம் சாய்ந்தான். அப்புறம், "அப்பா, உண்மையைச் சொல்லிடலாமா?" என்றான். தலையாட்டினேன். மேலும் கீழுமாகவா, பக்கவாட்டிலா என்று எனக்கே தெரியவில்லை. அந்த மனிதர் முகத்தில் இருந்த சந்தோஷத்தைப் பார்த்தவன் யாரும் போய்ச் சொல்ல மாட்டான். பிடித்துவிட வேண்டியதுதான் என்று முடிவு செய்தேன்.

யார்டில் என்னோடு வேலை செய்கிற தம்பி ஒருவன் இருக்கிறான். விருத்தாசலத்துக்காரன். இங்கிலீஷ் கொஞ்சம் வரும். அவன் போனில் பெரிய மீன், குறைந்த செலவு, புதிதாகப் பிடிக்கிறவன் என்று மூன்றையும் போட்டுத் தேடினான். ஒரு வீடியோவில் வெள்ளைக்காரன் ஒருவன் வந்தான். குளிர் தேசம். படகில் கம்பளிக் குல்லாயோடு நின்று, மஸ்கி என்ற மீனைப் பிடிக்க என்னென்ன பொம்மைகள் வாங்கலாம் என்று சொல்லிக்கொண்டிருந்தான். புழு, மாவு எதுவும் வேண்டாமாம். கொக்கி வைத்த பொம்மையை வீசி இழுத்தால், இரை என்று நினைத்து மீன் கவ்வுமாம். ஒன்றைத் தூக்கியும் காட்டினான். முதலை மூஞ்சி. வாய் முழுக்கப் பல்.

"அண்ணே, இது நம்ம பக்கத்துக் குளத்துல இருக்குமா?"

"மீன்தானே" என்றேன்.

என் கணக்கு அவ்வளவுதான். பெட்டி என்றால் எல்லாப் பெட்டிக்கும் பிரேக் கட்டை ஒன்றுதான் என்று நினைக்கிறவன் இல்லை நான். ஆனால் மீனில் அப்படித்தான் நினைத்தேன்.

தம்பி கேட்டுக் கேட்டுச் சொன்னான். "பெட்டி நிறைய வாங்காதேங்கிறான். ஒண்ணு மின்னணுமாம். ஒண்ணு சுத்திக்கிட்டே தண்ணியில அதிரணுமாம். ஒண்ணு மேலே மிதக்கணுமாம். புதுசா வர்றவனுக்கு இது போதுமாம். மத்ததெல்லாம் கடைக்காரன் பொழைக்கறதுக்கு."

"வேற?"

"பொம்மையில காசு குறைச்சாலும் கொக்கியில குறைக்காதேங்கிறான். பல்லு நூலை அறுத்துடும், முன்னாடி கொஞ்சம் கம்பி கட்டுங்கிறான். அப்புறம், நாள் பூரா வீசினாலும் ஒண்ணுகூட மாட்டாதாம். மனசு விடக் கூடாதாம்."

எனக்கு அந்த ஆளைப் பிடித்துவிட்டது. எங்கள் யார்டில் இருக்க வேண்டியவன்.

சியால்தா பக்கம் ஒரு சந்தில் தூண்டில் சாமான் விற்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை போனேன். கடைக்காரர் பேப்பரை விட்டுக் கண்ணை எடுக்காமல், "என்ன மீனுக்கு?" என்றார்.

"பெரிசுக்கு."

"எல்லாருக்கும் பெரிசுக்குத்தான்" என்று சொல்லி, ஒரு மரமீனை எடுத்துக் காட்டினார். ஜப்பான்காரன் செய்ததாம். அதன் கண்ணுக்கு மை தீட்டியிருந்தது. விலையைக் கேட்டேன். திருப்பி மாட்டச் சொன்னேன். மட்டமானதில் ஒரு சுழல் தகடு வாங்கினேன். கொக்கி மட்டும் உயர்ந்த ரகம் கேட்டேன்.

"பொம்மை மட்டம், கொக்கி ஒசத்தி. என்ன தாதா இது, பிச்சைக்காரனுக்குத் தங்கப் பல்லா?" என்றார். இங்கே அண்ணனைத் தாதா என்பார்கள்.

தலையாட்டினேன். ரூயிக்கு என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அந்த ஆளே என்னைத் தடுத்திருப்பார். அந்த ஒரு வார்த்தையை மிச்சம் பிடித்தேன்.

மற்ற இரண்டும் நானே செய்தேன். மின்னுவதற்கு வீட்டு எவர்சில்வர் கரண்டி. காம்பை அறுத்து, இரண்டு ஓட்டை போட்டு, யார்டில் தேய்த்து மெருகேற்றினேன். மிதப்பதற்குத் தவளை. வெள்ளைக்காரனுடையது ரப்பரில் இருந்தது. என் மனைவியின் ஹவாய் செருப்பு பச்சை நிறம். ஒன்றை எடுத்துத் தவளையாக வெட்டினேன். சைக்கிள் ட்யூபைக் கீறிக் கால் வைத்தேன். முன்கம்பிக்கு சைக்கிள் பிரேக் கம்பியில் ஓர் இழை உருவினேன். தூண்டில் கழியும் உருளையும் அதே கடையில் வாங்கினேன், ஒரே பையில் சேர்த்துக் கட்டித் தொங்கும் சாதாரண வகை.

சாப்பாட்டு நேரத்தில் காலிப் பெட்டிகளுக்கு நடுவில் நின்று வீசிப் பழகினேன். முதல் வீச்சில் கரண்டி பின்னால் போனது. அடுத்தது உயரப் போய், நின்றிருந்த ஸ்லீப்பர் பெட்டியின் ஜன்னல் கம்பியில் மாட்டிக்கொண்டது. இழுத்தேன். கழி வளைந்தது.

தம்பி சோற்றுப் பாத்திரத்தோடு வந்து பார்த்தான். "அண்ணே, நல்ல எடை. துண்டு போட்டா எத்தனை பேருக்கு வரும்?"

"கொக்கியை எடு."

"சேலை கட்டி அனுப்பிடலாம்ணே. ஆனா டாக்குரியாவுக்கு வேற லைன்ல போகணும்."

கல்யாணத்துக்கு முந்தின நாள் வந்தது. காலையில் பாலிகஞ்ச் ஸ்டேஷனில் சம்பந்தி காத்திருந்தார். இரண்டு கழி, ஒரு பெரிய குடை, நாலைந்து டப்பா. குளத்தில் மீனைக் கூட்டுவதற்குத் தூவுகிற கலவையை அவரே வீட்டில் புளிக்க வைத்திருந்தார். கடுகுப் பிண்ணாக்கு, வெந்தயம், இன்னும் என்னென்னவோ வேர்கள். தெற்கே போகிற லோக்கலில் அந்த டப்பாவைத் திறந்து காட்டினார். எங்களுக்கு உட்கார இடம் கிடைத்தது. பக்கத்துப் பெஞ்சும் காலியானது. இன்னொரு பொட்டலத்தில் எறும்பு முட்டை. எறும்புகளும் கூடவே வந்திருந்தன. அவர் சட்டையிலிருந்து என் சட்டைக்கு ஏறின. தட்டிவிட்டுக்கொண்டே போனேன்.

டிக்கெட் வாங்கி உட்காருகிற குளம் அது. கரையைச் சுற்றி மூங்கில் பரண்கள். பரணுக்கு ஒரு குடை, குடைக்குக் கீழே ஓர் ஆள். யாரும் யாரோடும் பேசவில்லை. வாழ்க்கையில் முதல் தடவையாக எனக்கு ஏற்ற கூட்டத்தில் உட்கார்ந்தேன்.

என் டப்பாவைத் திறந்தேன். சம்பந்தி எட்டிப் பார்த்தார்.

"இது என்ன?"

"தவளை."

"யாருக்கு?"

"மீனுக்கு."

அவர் தவளையைக் கையில் எடுத்துப் பார்த்தார். அடியில் செருப்பின் நம்பர் இருந்தது. கரண்டியையும் பார்த்தார். அதில் அவர் முகமே தெரிந்திருக்கும்.

"பேயாய் மொஷாய், ரூயி சாது. உதட்டுல பல்லுகூடக் கிடையாது. மாவும் எறும்பு முட்டையும் உறிஞ்சிச் சாப்பிடும். இந்தத் தவளையைப் பார்த்தா பாவம், அதுக்குக் காய்ச்சல் வந்துடும். நீங்க எந்தக் குளத்துல இப்படிப் பிடிச்சீங்க?"

இதற்குத் தலையாட்ட வழியில்லை.

"நான் மீனே பிடிச்சதில்ல" என்றேன்.

"அன்னிக்குக் கேட்டப்போ தலையாட்டினீங்களே?"

"எல்லாத்துக்கும் ஆட்டுவேன்."

அவர் குளத்தைப் பார்த்தார். தவளையைத் திரும்ப டப்பாவில் வைத்தார். பிறகு மெதுவாகக் கேட்டார். "என் பொண்ணைப் பிடிச்சிருக்கான்னு கேட்டேன். அப்பவும் ஆட்டினீங்க."

"அது நிஜம்."

"எப்படி நம்பறது?"

"ரெண்டு தடவை ஆட்டினேன்."

அவர் கலவை டப்பாவைத் திறந்தார். "அண்ணன் தம்பி ரெண்டு பேர்கிட்டேயும் சொல்லிட்டேனே" என்று மட்டும் ஒரு தடவை முனகினார். கலவையைத் தண்ணீரில் தூவி, மாவு உருட்டி, எறும்பு முட்டை சேர்த்து, தூண்டிலைப் போட்டுவிட்டு உட்கார்ந்தார்.

நான் வந்ததற்கு வீசினேன். கரண்டி அடுத்த பரண்காரர் குடையில் மாட்டியது. அவர் அதைக் கழற்றித் தந்து, "குழம்பு அந்தப் பக்கம் தாதா" என்றார். சுழல் தகடு தண்ணீருக்குள் ஏதோ வேரில் சிக்கி அறுந்து போனது. நல்ல கொக்கியும் அதோடு போனது. குளத்துக் காவல்காரர் வந்து, "இங்க வீசி எல்லாரையும் கெடுக்காதீங்க. அந்த மூலைக்குப் போங்க. ஆகாயத்தாமரைக்குள்ள ஒரு ஷோல் இருக்கு. விட்ட குஞ்சையெல்லாம் தின்னுடுது. முடிஞ்சா அதைப் பிடிங்க" என்றார்.

போனேன். தவளையை ஆகாயத்தாமரை மேல் போட்டு, வெள்ளைக்காரன் செய்த மாதிரி நிறுத்தி நிறுத்தி இழுத்தேன். ஒன்றும் இல்லை. மறுபடி வீசினேன். வெயில் ஏறியது. பிரேக் கட்டை மாற்றுவதும் இதுவும் ஒன்றுதான். ஒரே இடம், ஒரே வேலை. எனக்குச் சலிக்கவில்லை.

சம்பந்தி பக்கம் சலசலப்பு. அவர் கழி வளைந்து நின்றது. ஓடிப்போய் வலையைப் பிடித்தேன். பெரிய ரூயி. கரையில் போட்டதும் சூரியன் பட்டு மினுமினுத்தது. அவர் முகத்தில் சிரிப்பே இல்லை.

"என்ன பிரயோஜனம்? என் மீனை நானே எனக்கு அனுப்பிக்க முடியுமா? சாயங்காலம் மார்க்கெட்ல ஒண்ணு வாங்கிடுங்க. அண்ணன் செவுளைப் பார்த்தே ஐஸ் மீன்னு சொல்லிடுவார். சொல்லட்டும்."

நான் மூலைக்குத் திரும்பினேன்.  வீசினேன்.

இலைகள் வெடித்தன. தவளையைக் காணோம். கழி கையை விட்டுப் போகப் பார்த்தது. கோச்சை இழுத்துப் பழகினவன் நான். விடவில்லை. ஆகாயத்தாமரையோடு சேர்த்து ஒரு கூடைப் பச்சையை இழுத்துக் கரையில் போட்டேன். பிரித்துப் பார்த்தால் உள்ளே ஒரு மீன். பாம்புத் தலை. ஜோலார்பேட்டை சந்தையில் பார்த்த அதே விரால். இங்கே அதற்கு ஷோல் என்று பேர்.

சம்பந்தி தன் தூண்டிலை அப்படியே போட்டுவிட்டு வந்தார். குனிந்து பார்த்தார். எச்சில் விழுங்கினார்.

"குளத்து ஷோல். முள்ளங்கி போட்டு வச்சா" என்று ஆரம்பித்து, நிறுத்திக்கொண்டார். "மார்க்கெட்ல இப்ப வளர்ப்புதான் வருது. அது ருசியே கிடையாது."

இரண்டு பேரும் விராலைப் பார்த்தோம். அப்புறம் ரூயியைப் பார்த்தோம். அவர் கரையைச் சுற்றி ஒரு தடவை நோட்டம் விட்டார்.

"மாத்திக்கலாமா?"

தலையாட்டினேன்.

"இது நிஜமா, சும்மாவா?"

"நிஜம்" என்றேன்.

அவர் மீன் என்னோடு சாந்த்ராகாச்சிக்கு வந்தது. என் மீன் அவரோடு டாக்குரியாவுக்குப் போனது. ரூயிக்கு என் மனைவி சிவப்புத் துணியில் சேலை கட்டி, கொசுவம் வைத்து, தன் மூக்குத்தியையும் போட்டாள். "நமக்கு ஒரு பொண்ணு இல்லாத குறைக்கு" என்று பொட்டும் வைத்தாள். மறுநாள் காலையில் அது தட்டில் ஏறி, என்னோடு, தன்னைப் பிடித்தவர் வீட்டுக்கே போய்ச் சேர்ந்தது.

சம்பந்தியின் அண்ணன் வாசலிலேயே செவுளைத் தூக்கிப் பார்த்தார். தம்பி மோந்து பார்த்தார்.

"புது மீன். குளத்து மீன். யார் பிடிச்சது?"

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் கழுத்தை அசைக்காமல் நின்றேன். அது அவர் வீடு, அவர் மீன். அவர் சொல்லட்டும்.

"என்ன கேள்வி இது?" என்றார் சம்பந்தி. "ரப்பர் தவளை போட்டுப் பிடிச்சார். நான் பக்கத்துல இருந்து பார்த்தேன்."

"ரூயி எங்கேயாவது தவளை தின்னுமா?"

"மதராசித் தவளைன்னா தின்னும்."

அண்ணன் செவுளை இன்னொரு தடவை தூக்கிப் பார்த்தார். உள்ளிருந்து முள்ளங்கி வேகிற வாசனை வந்தது. கல்யாணம் நன்றாக நடந்தது. பந்தியில் அண்ணன் என் பக்கத்து நாற்காலியைக் கேட்டு வாங்கி உட்கார்ந்தார். தம்பி எனக்கு இந்தப் பக்கம். சாம்பார் பேச்சே எழவில்லை. இனிப்பு வந்தபோது அண்ணன் என் காதருகே குனிந்தார்.

"அந்தத் தவளை எங்க கிடைக்கும்?"

வாயில் ரசகுல்லா. தலையாட்டினேன்.

இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் அண்ணனும் தம்பியும் அந்தக் குளத்தில் பச்சைத் தவளையை வீசிக்கொண்டிருக்கிறார்கள். ரூயிக்காக. நாள் பூரா வீசுகிறார்களாம். மனம் விடவில்லையாம். பக்கத்துப் பரணில் சம்பந்தி எறும்பு முட்டையைப் போட்டு மீன் மீனாக எடுக்கிறார். அவரால் உண்மையைச் சொல்ல முடியாது. அந்த ரூயி எதைத் தின்று மாட்டியது என்று என்னை யாரும் கேட்கவில்லை.

போன வாரம் என் மனைவி வாசலில் நின்று கேட்டாள். "ஒத்தைச் செருப்பு போனது சரி. மிச்சம் ஒண்ணு இருந்துச்சே, அதுவும் எங்கய்யா?"

இரண்டு தவளைகளுக்கு அது சரியாக இருந்தது. தலையாட்டினேன்.