பேத்தி சேர்ந்த சங்கம்

இன்று பசறையிலிருந்து பதுளைக்கு வரும் பஸ்ஸில் எங்கள் தேயிலைத் தோட்டத்துத் தொழிற்சங்கத் தலைவர் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். முகம் சரியில்லை.

"என்னா சின்னம்மா, ஒங்க பேத்தி வேற சங்கத்துல சேந்துட்டாளாமே?"

பேத்தி பண்டாரவளையில் ஒரு சிறுவர் இல்லத்தில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிறாள். அந்த வேலை செய்கிறவர்களுக்கென்றே ஒரு சங்கம் இருக்கிறது. போன மாதம் சேர்ந்தாள். தோட்டத்தில் சங்கம் என்றால் தொழிற்சங்கம் மட்டும்தானே. மனிதருக்குத் தன் சங்கத்தில் ஓர் ஆள் குறைந்துவிட்ட கவலை.

"அங்க தலைவருக்கு மாலை எல்லாம் போடுவாங்களா?"

"இல்லீங்க தலைவரே. வேலைய சொல்லிக் குடுப்பாங்க."

"அதுல என்னா பலன்?"

சொன்னேன். இல்லத்துக்குப் புதிதாக வந்த ஒரு பிள்ளை ரொட்டியை மெத்தைக்கடியில் ஒளித்துவைத்தது. அடித்துத் திருத்தச் சொன்னார்கள் அங்கிருந்த பெரியவர்கள். மனசு கேட்காமல் பேத்தி வேலையை விடவே கிளம்பிவிட்டாள். கடைசியாகச் சங்கத்து அக்கா ஒருத்தியிடம் போனில் கேட்டாள்.

"திட்டாத தங்கச்சி. நாளைக்குக் கெடைக்காதோன்னு பயந்துதான் ஒளிச்சு வைக்குது. அந்தப் புள்ள பேர எழுதி ஒரு பிஸ்கட் டின் குடு. அது காலியாகாமப் பாத்துக்க."

இப்போது மெத்தைக்கடியில் ஒன்றுமில்லை. பேத்தியும் வேலையில்தான் இருக்கிறாள், என் பேத்தியாச்சே.

தலைவர் நன்றாக யோசித்தார்.

"வருசத்துக்கு ஒரு கலண்டராவது குடுப்பாங்களா?"

"குடுக்க மாட்டாங்க. போன் அடிச்சா எடுப்பாங்க."

பதுளை வந்ததும் அவர் இறங்கிப் போய்விட்டார்.

அவர் கொடுத்த கலண்டர்கள் என் வீட்டில் அடுக்காக இருக்கின்றன. போன் எடுக்கிற சங்கம் உங்களில் யாருக்காவது இருந்தால் கீழே எழுதுங்கள், பார்ப்போம்.