அக்கா சொன்னால் கேட்பாள்

என் மகள் ஏணியிலிருந்து விழுந்த செய்தி முதலில் போனது சங்கத்து அக்காவுக்கு. அக்கா அவளை ஆஸ்பத்திரியில் சேர்த்து, கட்டுப் போட்ட பிறகுதான் ஆபீசில் உட்கார்ந்திருந்த எனக்குப் போன் வந்தது. இன்றைக்கும் போன் அடித்தால் பயமாக இருக்கிறது. ஆனால் பயத்துக்கும் அடியில் ஒரு எரிச்சல் கிடக்கிறது. பெற்றவளை விட்டு இன்னொருத்தியை ஏன் கூப்பிட்டாள்?

அவள் நாடக மேடைக்கு விளக்கு கட்டுகிறவள். பி.காம். படிக்க வைத்தேன், லைட் போடப் போனாள். மேடைத் தொழிலாளர் சங்கத்தில் சேர்ந்ததிலிருந்து வீட்டில் எதற்கெடுத்தாலும் அக்காதான். திரை இழுக்கும் வேலையில் தொடங்கிச் சங்கச் செயலாளர் ஆனவள், குன்றத்தூர்க்காரி, என் வயதுதான் இருக்கும். வெறும் வயிற்றோடு வேலைக்குப் போகாதே என்று அக்கா ஒருதரம் சொன்னாளாம், அன்றிலிருந்து மகள் காலையில் நாலு இட்லி சாப்பிடுகிறாள். நான் தட்டை வைத்துக்கொண்டு எத்தனை வருஷம் பின்னாலேயே ஓடியிருப்பேன்!

ஏணி விஷயமும் அப்படித்தான். கீழே ஒருவர் பிடித்துக்கொண்டு "புடிச்சாச்சு" என்று குரல் கொடுத்த பிறகே மேலே ஏற வேண்டும் என்பது சங்கத்தின் கட்டுப்பாடு. வீட்டுப் பரணிலிருந்து குக்கரை எடுக்க ஸ்டூலில் ஏறினாலும் என்னைக் கூப்பிடுவாள்.

"பிடிச்சிருக்கேன்டி, ஏறு."

"அப்படியில்லம்மா. புடிச்சாச்சுன்னு சொல்லு."

விழுந்ததில் மணிக்கட்டு முறிந்திருந்தது. மறுநாள் அவள் விழுந்த நாடக ஹாலின் மேனேஜர் பழங்களோடு சேலையூரில் எங்கள் வீட்டுக்கு வந்தார். "நல்ல பொண்ணுதாம்மா. கொஞ்சம் அவசரம்" என்றார். நான் காபியைக் கொடுத்துக்கொண்டே, "யார் பேச்சைக் கேக்கறா சார் அவ? சின்ன வயசுலேர்ந்தே அப்படித்தான்" என்றேன். சொந்தப் பிள்ளையை அடுத்தவர் முன்னால் ஒரு படி குறைத்துச் சொல்வதுதானே நம் வீடுகளில் வழக்கம். அன்று அதில் என் புகைச்சலும் கலந்திருந்தது.

அந்த வார்த்தை அப்படியே சங்கத்துக்குப் போய்விட்டது. பெற்ற தாயே சொல்லிவிட்டாள், அவள் யாரையும் கேட்காமல் ஏறி விழுந்தாள், இனி எங்கள் மேடையில் அவளுக்கு வேலை இல்லை என்றார் மேனேஜர். ஏணி பிடித்தவர் ஹாலின் சம்பளக்காரர். அவரும், தான் பிடிக்கவே இல்லை என்றார். குரல் கொடுத்துவிட்டு நடுவில் விட்டுப் போனார் என்று மகள் சொன்னதை யாரும் கேட்கவில்லை. அவள் என்னோடு பேசுவதை நிறுத்தினாள்.

போனில் கூப்பிட்டது அக்காதான். "நீங்க இன்னா சொன்னீங்கன்னு அந்தாளு ஊரு பூரா சொல்லிகினு கீறாரு. வந்து உள்ளத நீங்களே சொல்லிடுங்கம்மா."

கிழக்குத் தாம்பரத்தில் ஒரு செருப்புக்கடை மாடியில் சங்க அறை. மகள் அக்காவை ஒட்டி உட்கார்ந்திருந்தாள். எதிரே மேனேஜரும் ஏணி பிடித்தவரும். மேனேஜர் என்னைப் பார்த்ததும், "அன்னைக்குச் சொன்னீங்களேம்மா, யார் பேச்சையும் கேக்க மாட்டான்னு" என்றார்.

"என் பேச்சைக் கேக்க மாட்டா சார்" என்றேன். "இந்த அக்கா பேச்சுன்னா அவளுக்கு வேதம். வீட்டு ஸ்டூல்ல ஏறக்கூட என்னைப் புடிச்சாச்சுன்னு சொல்ல வெச்சுட்டுத்தான் ஏறுவா. பாத்தா எனக்கு எரியும். குரல் கேக்காம அவ ஏணியில கால் வைக்கவே மாட்டா. அந்த அண்ணன் சொல்லியிருக்கார். சொல்லிட்டுத்தான் விட்டுட்டுப் போயிருக்கார்."

ஏணி பிடித்தவர் தரையைப் பார்த்தார். "சோபா தூக்கணும்னு சார்தான் கூப்ட்டாரு" என்றார்.

கை தேறியதும் மகள் அதே மேடைக்குத் திரும்பலாம் என்று முடிவானது. ஏணியில் இருக்கிறவரை யாரும் இடையில் கூப்பிடக்கூடாது என்பதற்கும் மேனேஜர் ஒப்புக்கொண்டார்.

அக்கா என் தோளைத் தட்டினாள். "இன்னாம்மா, என்னிய இப்டி தூக்கி வெச்சுப் பேசிட்ட? வூட்ல நீ என்னியத் திட்டுவேன்னு இல்ல நெனச்சேன்."

"திட்டுவேன்தான்."

எல்லோரும் சிரித்தார்கள். நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

மாடிப்படி குறுகல். மகள் நல்ல கையை நீட்டினாள்; அது அக்கா பக்கம் போனது. நான் அவள் பையைத் தூக்கிக்கொண்டு பின்னால் இறங்கினேன். பாதிப் படியில் நின்று திரும்பினாள்.

"இன்னா கொழம்பும்மா இன்னைக்கு?"

எங்கள் வீட்டில் யாரும் 'இன்னா' என்று பேசியதில்லை. இத்தனை நாள் கழித்து என்னிடம் வாய் திறந்தவள், அந்த முதல் வார்த்தையையும் அங்கிருந்துதான் எடுத்து வந்திருக்கிறாள்.

"வத்தக்குழம்பு" என்றேன்.