ஷோபனாவின் அப்பளப் பரீட்சை

கடைக்காரர் ஸ்கேனரின் மூடியைத் திறந்ததுதான் தாமதம், ஷோபனா கைப்பையிலிருந்து எவர்சில்வர் டப்பாவை எடுத்துவிடுவார். உள்ளே காலையில் பொரித்த அப்பளங்கள். கண்ணாடிமேல் பட்டர் பேப்பரை விரித்து, ஓர் அப்பளத்தை நடுவில் வைத்து, "இப்ப மூடுங்க" என்பார். நொறுக்! "இது வேணாம், வேற காட்டுங்க." உடைந்ததைக் கடைக்காரருக்கே தின்னக் கொடுத்துவிடுவார்.

ஆவடியில் பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலையின் தரச்சோதனைப் பிரிவில் வேலை. எதையும் உடைத்துப் பார்க்காமல் நம்பமாட்டார். சந்தையில் அவர் தலை தெரிந்தால் வெண்டைக்காய்க் கூடைகள் தானாகவே பின்னால் நகரும்.

ஸ்கேனர், குவார்ட்டர்ஸ் மாதர் சங்க நூலகத்துக்கு. பழைய வாரப் பத்திரிகையிலிருந்து ஒரு தொடர்கதையை வாராவாரம் கிழித்துச் சேர்த்து, யாரோ புண்ணியவதி இரண்டு பாகங்களாக பைண்டு செய்துவைத்திருக்கிறார். தொட்டால் பொடியாகும் தாள். முதல் பாகத்தை எல்லோருக்கும் போனில் அனுப்பும் ஆசையில், ஷோபனா அதைச் சங்கத்தின் பழைய ஸ்கேனரில் கவிழ்த்தார். வரிகளின் ஓரம் தையலுக்குள் ஒளிகிறதே என்று மூடியை ஓங்கி அழுத்தினார். புத்தகத்தின் முதுகுத் தையல் படக்கென்று விட்டுப்போய் ஏடுகள் உதிர்ந்தன.

உதிர்ந்ததையே பொறுக்கிப் படமெடுத்து அனுப்பினார். வந்தது வினை! கதாநாயகி கட்டிக்கொள்ளப்போவது டாக்டரையா, என்ஜினியரையா என்று குவார்ட்டர்ஸே இரண்டு கட்சியாகிவிட்டது. விடை இரண்டாம் பாகத்தில். அப்பளம் உடையாத ஸ்கேனர் கிடைக்கும்வரை அதைத் திறக்க ஷோபனா யாரையும் விடவில்லை, தானும் திறக்கவில்லை. "இதுவும் போச்சுன்னா நான் டிரான்ஸ்பர் வாங்கிட்டு ஓட வேண்டியதுதான்" என்பார். சிரித்துக்கொண்டுதான் சொல்வார், ஆனால் பயம் நிஜம்.

போன ஞாயிறு, டாக்டர் கட்சித் தலைவி கஸ்தூரியைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு அம்பத்தூரில் ஸ்கேனர் விற்கும் வேம்புலியின் கடைக்குப் போனார். டப்பாவைப் பார்த்ததும் வேம்புலி, "இன்னாக்கா, மிஷினு வாங்க வந்தியா, சோறு துன்ன வந்தியா?" என்றார். விஷயத்தைக் கேட்டு விழுந்து விழுந்து சிரித்துவிட்டு, இருபுறமும் சாய்ந்த பலகையும் தலைக்குமேல் கேமராவும் உள்ள ஒரு ஸ்கேனரைக் காட்டினார். "இதுக்கு மூடியே கெடையாது. புக்கைப் பாதி தொறந்து படுக்க வெச்சா போதும், மேலேர்ந்தே படம் புட்சிக்கும்."

ஷோபனா அதற்கும் மசியவில்லை. அப்பளம் பலகையில் ஏறியது. திரையில் அதன் கொப்புளங்களை எண்ணலாம்போல் இருந்தது. அப்பளத்துக்கு ஒரு கீறல்கூட இல்லை. "தேறிடுச்சு!" என்று கஸ்தூரியின் கையைப் பிடித்து ஒரு சுற்றுச் சுற்றினார். அடடா, அந்த முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்!

பிறகு துண்டில் சுற்றிக் கொண்டுவந்திருந்த இரண்டாம் பாகம் வெளியே வந்தது. சோதனைக்கு ஒரு பக்கம் போதும் என்றார் வேம்புலி. எந்தப் பக்கம்? "கடைசி அத்தியாயம்!" என்றார்கள் இருவரும் ஒரே குரலில். ஷோபனா மின்விசிறியை நிறுத்தச் சொன்னார். மூச்சைப் பிடித்துக்கொண்டு புத்தகத்தைப் பாதி திறந்து பலகையில் சாய்த்தார். ஒரு தாளும் உதிரவில்லை.

"பட்டனை அமுக்குக்கா."

ஷோபனா அமுக்கவில்லை.

"என்ன ஷோபனா, டாக்டர்தானே? சொல்லித் தொலையேன்!" கஸ்தூரி தோளைப் பிடித்து உலுக்கினார்.

படித்துக்கொண்டிருந்த பக்கத்திலிருந்து கண்ணை எடுக்காமலே, ஷோபனா ஒரு கையை உயர்த்தி, இருங்கள் என்று காட்டினார்.