பத்து மணிக்குள் கொம்பியூட்டர் எழும்ப வேண்டும்

பத்து மணிக்கு மகளுக்கு ஒன்லைன் இன்டர்வியூ. எங்கள் வெள்ளவத்தை வீட்டுக் கொம்பியூட்டரோ, போட்ட சில வினாடிகளிலேயே அணைந்துகொண்டிருந்தது. மகள் நகத்தைக் கடித்தாள். கணவர் வயர்களைக் கழற்றிக் கழற்றி மாட்டினார்.

"கடல் காத்துக்கு உள்ளுக்குக் கறள் பிடிச்சிருக்கும்," என்றார்.

"நேற்று நல்லாத்தானே இருந்தது! என்ன செய்தனீங்கள்?" என்று கத்தினேன்.

அப்போதுதான் கொம்பியூட்டரின் பவர் சுவிட்ச் அமுங்கியபடியே நிற்பதைக் கண்டேன். அதைச் சுற்றிக் காய்ந்த சந்தனம் இறுகியிருந்தது. நான் பொட்டு வைப்பது சாமிப் படங்களுக்கு மட்டும்தான். அதற்கே அவர் கேலி செய்வார்.

"இதை ஆர் வைச்சது?"

"பிள்ளைக்கு இண்டைக்கு..." என்று இழுத்தவர், ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். சாமியறைக்குள் காலே வைக்காத மனுசன்!

ஊசியால் சுரண்டினேன். சுவிட்ச் வெளியே வந்தது, கொம்பியூட்டரும் அணையாமல் நின்றது. கொஞ்சம் சந்தனம் குழைத்து அவர் நெற்றியில் வைத்தேன். மகள் பேசி முடிக்கும்வரை அவர் அதைத் துடைக்கவே இல்லை.